மாவலி வளைத்த மாநகர்

இங்கிலாந்தின் வடபகுதியிலே டர்ஹம் என்றொரு சிறு நகரம் உண்டு. வியர் என்னும் ஆறு அந்நகரை அணுகியதும், நேரே செல்ல மனம் வராததுபோல் ஒரு குன்றை மூன்று புறமும் சுற்றி வளைத்து, அதன் பின்னரே கடலை நோக்கிச் செல்கின்றது. குன்றின் உச்சியில் 1093ஆம் ஆண்டிற் கட்டத் தொடங்கிய பெருந் தேவாலயமும் அதனருகே ஒரு கோட்டையும் நிற்கின்றன. வைக்கிங்குக் கொள்ளையருக்கு அஞ்சி, கத்பர்ட் என்னும் அடியாரின் திருமேனியைத் தோளிற் சுமந்து ஊரூராய் அலைந்த துறவியர், 995ஆம் ஆண்டில் ஆறு காக்கும் அந்தக் குன்றையே அதற்குப் பாதுகாவலான இடமெனத் தெரிந்தெடுத்தனர்.

ஆறு வளைத்த மேட்டுநிலம், அங்கே கொண்டுவந்து வைக்கப்பட்ட புனிதச் சின்னம், அச்சின்னத்தைக் காக்கும் அதிகாரம் என்னும் இம்மூன்றும் ஒருங்கே அமைந்த நகரைக் காண இலங்கை மக்கள் கடல்கடந்து செல்ல வேண்டியதில்லை. கண்டி மாநகர் அத்தகையது. அநுராதபுரம், பொலநறுவை, தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல், கம்பளை, கோட்டை என அரசிருக்கை மாறிய போதெல்லாம் உடன் மாறிவந்த புத்தரின் தந்தச் சின்னம், பதினாறாம் நூற்றாண்டின் முடிவில் முதலாம் விமலதர்மசூரியன் காலத்திலே கண்டியை அடைந்தது. அந்நகரை மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் மாவலி கங்கை சூழ்ந்து செல்கின்றது. தெற்கே ஹந்தானை மலைத்தொடர் சுவர்போல் எழுந்து நிற்கின்றது.

மாவலி இலங்கையின் ஆறுகள் யாவற்றிலும் நீளமானது. அதன் நீளம் 335 கிலோமீற்றர். இலண்டன் மாநகரை வளர்த்த தேம்ஸ் நதிக்கும் ஏறத்தாழ இதே நீளந்தான். ஆயினும் இரண்டுக்கும் இயல்பில் உள்ள வேற்றுமை பெரிது. தேம்ஸ் கப்பல்களை உள்ளே அழைத்து வரும் ஆறு. மாவலியோ அந்நியரை வெளியே நிறுத்திய ஆறு. மலைநாட்டிற் பாறைகளுக்கிடையே குதித்தோடும் அதன் மேற்பகுதியிற் கப்பல் வருவது எங்ஙனம்? பாளிநூல்கள் இதனை மகாவாலுக கங்கை என்று வழங்கின. பெருமணல் ஆறு என்பது அதன் பொருள். ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புவியியலறிஞர் தொலமி, தாம் வரைந்த தப்புரபேனில் கங்கை என்று குறித்த ஆறும் இதுவே என்பர். தமிழ் மக்கள் வாயில் அது மாவலியாயிற்று.

மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலே பிறக்கும் அட்டன் ஓயா, கொத்மலை ஓயா முதலியன ஒன்றுகூடி மாவலியாகி, கம்பளையைக் கடந்து வடக்கு நோக்கிப் பேராதனையை அடைகின்றன. அங்கே ஒரு வளைவு. அவ்வளைவினுள்ளேதான் பேராதனைப் பூந்தோட்டம் அமைந்திருக்கின்றது. பின்னர் கெட்டம்பே, ஹல்லொலுவை, கட்டுகஸ்தோட்டை என மேற்கையும் வடக்கையும் சுற்றி, பொல்கொல்லை, லேவெல்லை, தென்னெகும்புரை வழியாகக் கிழக்கே திரும்பித் தும்பறைப் பள்ளத்தாக்கினுட் புகுகின்றது. மினிப்பேயில் மலையை விட்டு இறங்கிச் சமவெளியில் வடக்கு நோக்கி நடந்து, ஒரு கிளையை வெருகலிலே முருகன் கோயிலருகே கடலுக்கு அனுப்பிவிட்டு, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. மலையகத் தேயிலைச் சரிவில் விழுந்த மழைத்துளி திருகோணமலைக் கடலிற் சென்று சேர்வதற்குள் தீவின் பாதியைச் சுற்றிவிடுகின்றது என்று சொல்வது மிகையாகாது.

இந்த ஆற்றின் இரு முனைகளையும் தன் வாழ்வினால் இணைத்த அந்நியன் ஒருவன் உண்டு. றொபட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞன், 1660ஆம் ஆண்டில், புயலில் ஒடிந்த பாய்மரத்தைச் செப்பனிட வந்த தன் தந்தையின் கப்பலோடு கொட்டியாரக் குடாவில் இறங்கினான். மாவலி கடலிற் கலக்கும் அவ்விடத்திலேயே இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அவர்களைப் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டு சென்றனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், மாவலியின் மேற்பகுதி ஓடும் நாட்டிலே, சிறைக்கம்பியில்லாச் சிறையில் வாழ்ந்தான். விற்றும் பின்னியும் கடன்கொடுத்தும் பிழைத்து, 1679இல் தப்பி அரிப்பை அடைந்து, 1681இல் இலண்டனிலே தன் நூலை வெளியிட்டான். மலைநாட்டை விட்டு வெளியேறுவது எவ்வளவு அரிது என்பதை அந்நூலைப் படித்த ஐரோப்பியர் அறிந்தனர். அறிந்தும் அவர்கள் பாடம் கற்றனரா என்பது வேறு வினா.

நகரின் தோற்றத்துக்குச் சற்றே பின்னோக்கிச் செல்லல் வேண்டும். செங்கடகலபுரம் என்பது கண்டியின் பழம்பெயர். அதனைக் கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு பதினான்காம் நூற்றாண்டில் நிறுவினான் என்பது மரபு. மலைமேல் நாடு எனப் பொருள்படும் சிங்களச் சொற்றொடரின் முதற்சொல்லாகிய 'கந்த' என்பதே அந்நியர் நாவிலும் நம் நாவிலும் கண்டியாயிற்று. சிங்கள மக்கள் இன்றும் மகாநுவர, அதாவது பெருநகர், என்றே அழைப்பர். அக்காலத்தில் இந்த ஆற்றங்கரைக்கும் தமிழுக்கும் இருந்த தொடர்பைக் கற்களே கூறும். பேராதனைக்கு அணித்தாயுள்ள கடலாதெனிய விகாரையை 1344ஆம் ஆண்டளவில் அமைத்த சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னாட்டவன். அதே காலத்தில் எழுந்த இலங்காதிலகத்திலே பாறையிற் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டிருக்கின்றது. ஹாரிசுபத்துவில் உள்ள மெதவல என்னுமிடத்திற் கிடைத்த 1359ஆம் ஆண்டுச் சாசனமோ, யாழ்ப்பாணத்து மார்த்தாண்ட சிங்கையாரியனுடைய ஆட்கள் தும்பறையிலும் மாத்தளையிலும் வரி தண்டியதைப் பற்றிப் பேசுகின்றது. வடக்கே உள்ள அரசனின் கை மாவலிக் கரைவரை நீண்டிருந்த ஒரு காலம் அது. பின்னர் 1739ஆம் ஆண்டு தொடக்கம் மதுரை நாயக்கர் வழிவந்தோரே கண்டியின் அரியணையில் வீற்றிருந்தனர் என்பதும், அவர்களின் உறவினர் குடியிருந்த வீதி இன்றும் மலபார் வீதி என்றே வழங்குவதும் நேயர் பலரும் அறிந்தவையே.

இனி, ஆறு நகரைக் காத்த வரலாறு. கண்டியைப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் பலமுறை கைப்பற்றினர் என்றால் சிலர் வியப்பர். கைப்பற்றுவது அத்துணை அரிதன்று. கைப்பற்றியதை வைத்திருப்பதும், கைவிட்டபின் உயிரோடு திரும்புவதுமே அரிது. 1638ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே போர்த்துக்கேயத் தளபதி தியோகோ தெ மெல்லோ கண்டியினுட் புகுந்து அதனைக் கொளுத்தினான். திரும்பும் வழியில், பேராதனைக்கு எதிர்க்கரையாகிய கன்னொறுவைக் குன்றிலே இரண்டாம் இராசசிங்கன் அவனை வளைத்துக்கொண்டான். அந்நாளின் முடிவிற் போர்த்துக்கேயருள் உயிர்பிழைத்தோர் மிகச் சிலரே. 1765 பெப்ருவரியில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் கண்டியைப் பிடித்தான். நகரில் நிறுத்தப்பட்ட ஒல்லாந்தர் படை, பசியும் காய்ச்சலும் தாக்க, சில மாதங்களுக்குள் அதனை விட்டு வெளியேற நேர்ந்தது.

இவ்விரு மாதங்களையும் நோக்குதல் தகும். பெப்ருவரி, மார்ச்சு. மாவலியின் நீர்வரவு பெரிதும் தென்மேற்குப் பருவமழையைச் சார்ந்தது. வைகாசியில் மழை இறங்கும். ஆனி, ஆடியில் மலைச்சரிவுகளெல்லாம் ஆற்றிலே வழியும். மாசி, பங்குனியிலோ நீர் வற்றி, பல இடங்களிற் பாறைகள் முதுகு காட்டும், மாடும் மனிதரும் நடந்தே கடப்பர். ஆகவே வெளிநாட்டுப் படை பெரும்பாலும் வறண்ட காலத்தில் வந்தது. வந்தவர்கள் கண்ட ஆறு ஒன்று. திரும்ப எண்ணியபோது அவர்கள் முன் கிடந்த ஆறு மற்றொன்று.

இதனை 1803ஆம் ஆண்டைப்போல் வேறெந்த ஆண்டும் விளக்கவில்லை. அவ்வாண்டு பெப்ருவரியில் மக்டுவல் தளபதியின் படை கொழும்பிலிருந்தும், பார்பட் என்பாரின் படை திருகோணமலையிலிருந்தும் வந்து கண்டியிற் கூடின. நகரம் வெறிச்சோடிக் கிடந்தது. அரசன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் மக்களோடு மலைகளுக்குள் ஒதுங்கியிருந்தான். ஆங்கிலேயர் முன்னைய அரசனின் மைத்துனனாகிய முத்துச்சாமியை அரியணையில் அமர்த்தினர். குடிகளில்லாத நகருக்கு ஓர் அரசன்! அவனுக்குத் துணையாக மேஜர் டேவி என்பாரின் தலைமையில் ஒரு காவற்படையை விட்டு ஏனையோர் அகன்றனர். பின்னர் மழை இறங்கியது. காய்ச்சல் பரவியது. உணவு வரும் வழிகளைக் கண்டியர் அடைத்தனர். யூன் மாதத்தின் பிற்பகுதியில், வைத்தியசாலையிற் கிடந்த நோயாளர் போக எஞ்சிய சிறு கூட்டத்தோடு நகரைக் காக்க இயலாதெனக் கண்ட டேவி, திருகோணமலைக்குச் செல்ல வழிவிட வேண்டும் என்னும் உடன்படிக்கையின்மேற் பணிந்தார்.

அப்படை முத்துச்சாமியையும் அழைத்துக்கொண்டு நகரைவிட்டுப் புறப்பட்டு, சிறிது தூரத்திலுள்ள வட்டப்புலுவையை அடைந்தது. அங்கே மாவலி. நான்கு மாதத்துக்கு முன் பார்பட்டின் படையைக் கடக்கவிட்ட அதே ஆறு இப்போது கரைபுரண்டு ஓடியது. படகுமில்லை, தெப்பமுமில்லை. மூங்கிலை வெட்டித் தெப்பங்கட்ட முயன்றனர், கயிற்றை எதிர்க்கரைக்குக் கொண்டு செல்லவும் முயன்றனர். ஒன்றும் ஆகவில்லை. மழையில் நனைந்தபடி ஆற்றைப் பார்த்துக்கொண்டே அவர்கள் காத்திருந்தனர்.

காத்திருந்தவர்களிடம் அரசனின் தூதர் வந்தனர். முத்துச்சாமியைக் கொடுத்தால் ஆற்றைக் கடக்க உதவி கிடைக்கும் என்றனர். டேவி முதலில் மறுத்தார். பின்னர் இணங்கினார். அடைக்கலம் புகுந்தவனைக் கையளித்த அச்செயலை அவருடைய நாட்டவரே பின்னாளிற் கடிந்து எழுதியிருக்கின்றனர். முத்துச்சாமி தன் உறவினரோடு அன்றே கொல்லப்பட்டான். உதவியோ வரவில்லை. யூன் 26ஆம் நாள், ஆயுதங்களைக் கீழே வைக்குமாறு பணிக்கப்பட்ட வெள்ளைப் போர்வீரர் இருவர் இருவராக அழைத்துச் செல்லப்பட்டு வெட்டப்பட்டனர். வைத்தியசாலையில் இருந்தோரும் தப்பவில்லை. மலாய்ப் படைத்தலைவன் நூருத்தீன், அரசன் முன் பணிய மறுத்து உயிர் கொடுத்தான். காயத்தோடு தப்பிய பார்ன்ஸ்லி என்னும் கோப்ரல் ஒருவன் ஆற்றைக் கடந்து மாத்தளைப் பக்கத்துக் கோட்டையை அடைந்து செய்தியைச் சொன்னான். டேவி கொல்லப்படவில்லை. அவருக்குக் கிடைத்தது அதனினும் நீண்ட தண்டனை. விடுவிக்க வருமாறு வேண்டி அனுப்பிய கடிதங்கள் பயனளிக்காமற் போக, 1812ஆம் ஆண்டளவில் மலைநாட்டிலேயே கைதியாக இறந்தார்.

இந்நிகழ்ச்சியை ஆங்கிலேய ஆசிரியர்கள் கண்டியரின் கொடுமையென்றும், வேறு சிலர் டேவியின் கோழைத்தனமென்றும் எழுதினர். கொடுமை கொடுமையே, அதனை மறைப்பதில் யாருக்கும் பெருமையில்லை. எனினும் ஆனி மாதத்து மாவலியை அறியாத ஒரு படைத்திட்டம் அதற்கு முன்னரே தோற்றுவிட்டது என்பதை நிலநூல் கற்றோர் மறுக்கமாட்டார்கள். அந்த மலைகளில் எப்போது மழை இறங்கும் என்பதை அங்கே வயலுழுத ஒருவனைக் கேட்டிருந்தாற் போதும்.

வெற்றிபெற்ற அரசன் செய்த பெருஞ்செயலும் நீரோடு தொடர்புடையதே. 1807ஆம் ஆண்டு தொடக்கம், தலதா மாளிகைக்கு முன்னிருந்த வயல்நிலத்தை அணைகட்டி ஏரியாக்கினான். 1812இல் அப்பணி முடிவுற்றது. தேவேந்திர மூலாசாரியார் என்னும் சிற்பியே ஏரிக்கும், மாளிகை முகப்பிலுள்ள எண்கோண மண்டபமாகிய பத்திரிப்புவைக்கும் வடிவம் தந்தவர். இன்று கண்டியின் படமென எங்கும் அச்சிடப்படுவது இந்த ஏரிதான். ஆனால் அக்காலக் குடிகள் அதனைப் படமாகப் பார்க்கவில்லை. வயலும் வீட்டுவேலையும் கிடக்க, அரசனின் அழகுணர்ச்சிக்காக ஊழியஞ் செய்ய இழுக்கப்பட்டோரின் மனக்கசப்பு, பிரதானிகளின் பகையோடு சேர்ந்து வளர்ந்தது. ஏரியின் மிகைநீர் மெத ஏலை என்னும் கால்வாயாக நகரினூடே சென்று கெட்டம்பேயில் மாவலியோடு சேர்கின்றது. இயற்கை தந்த அகழி அரசனைக் காத்தது. அவன் தானே வெட்டிய நீர்நிலை அவனைக் காக்கவில்லை.

1815ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். மீண்டும் பெப்ருவரி மாதம். இம்முறை பருவம் மட்டுமன்றி, வழியறிந்த பிரதானிகளும் அவர்கள் பக்கம் இருந்தனர். பெப்ருவரி 14இல் நகரினுட் புகுந்தனர். 18இல் அரசன் மெதமகாநுவரைப் பகுதியிற் பிடிபட்டான். மார்ச்சு 2இல் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. கடைசி அரசன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கொடுமையாக அடக்கிய பின்னரும் ஆங்கிலேயருக்கு அச்சம் நீங்கவில்லை. அவர்கள் அஞ்சியது மனிதரை மட்டுமன்று, மழையையும் ஆற்றையுமே. அதற்கு அவர்கள் கண்ட மருந்து பாதை.

தேசாதிபதி எட்வேட் பார்ன்ஸ் காலத்தில், கப்டன் டோசனின் மேற்பார்வையிற் கொழும்பு–கண்டிப் பாதை அமைந்தது. கடுகண்ணாவையிற் பாறை துளைக்கப்பட்டது. பாறையைத் துளைத்து வழி செய்பவனே மலைநாட்டை வெல்வான் என்று முன்னோர் கூறியதாக ஒரு வாய்மொழி உண்டு. அது பாறை துளைக்கப்படுவதற்கு முன்னர் தோன்றியதா பின்னர் தோன்றியதா என்று கேட்பது பண்பன்று போலும்! எனினும் பாறையைவிட ஆறே பெருந்தடை. பேராதனையில் அதனைக் கடக்க 1833ஆம் ஆண்டில் ஒரு பாலம் எழுந்தது. முழுவதும் முதிரை மரம். நடுவே தூண் இல்லாமல், 205 அடி அகலத்தை ஒரே வளைவில் தாண்டி நின்றது அப்பாலம். ஆணியோ இரும்புத் தாழோ இன்றி மரத்தோடு மரம் பொருந்த அமைத்தனர் என்பர். நடுவே தூண் வைக்காதது அழகுக்காக அன்று. ஆனி வெள்ளம் வேரோடு பெயர்த்துக் கொண்டுவரும் மரங்கள் தூணில் மோதினால் பாலம் நில்லாது. வட்டப்புலுவையிற் கற்காத பாடத்தை முப்பதாண்டு கழித்துப் பேராதனையிற் கற்றுக்கொண்டனர் எனலாம். எழுபதாண்டுக்கு மேல் வண்டிகளைச் சுமந்த அப்பாலம் 1905இல் அகற்றப்பட்டு, அதனிடத்தில் வேறு பாலம் வந்தது.

பாலம் எழுந்த நாளோடு மாவலி மதிலாய் இருந்த காலம் முடிந்தது. அதற்குமேல் அது பாதையில் வரும் ஓர் இடம், அவ்வளவே. போர்த்துக்கேயரை இராசசிங்கன் வளைத்த கன்னொறுவையிலே பார்ன்ஸ் கோப்பித்தோட்டம் போட்டார். கம்பளைக்கு அருகே சிங்ஹபிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் தோட்டம் தொடங்கினார். காட்டை வெட்ட ஆள் வேண்டியிருந்தது.

அந்த ஆட்கள் வந்த வழியையும் ஆற்றின் வரலாறு விட்டுவிட முடியாது. தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், தண்ணீர் அரிதான காடுகளினூடே நாட்கணக்காக நடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே வாந்திபேதியாலும் அம்மையாலும் பசியாலும் வீழ்ந்தவர் எத்தனை பேர் என்பது வரலாற்றாசிரியரிடையே இன்னும் வாதப்பொருளாகவே இருக்கின்றது. கணக்கில் வேற்றுமை உண்டேயன்றி, வழியோரத்திற் புதைகுழிகள் இருந்தன என்பதில் வேற்றுமை இல்லை. மாத்தளை முத்துமாரியம்மனிடம் வேண்டிக்கொண்டு தெற்கே நடந்தவர்களுக்கு முன்னால், கட்டுகஸ்தோட்டையில், மாவலி வந்தது. தாமிரவருணியையும் வைகையையும் காவிரியையும் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தச் செந்நீர்ப் பெருக்கைக் கண்டு என்ன நினைத்தனர் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. அவர்களிற் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது. தெரிந்தவர்கள் அவர்களைக் கேட்கவில்லை.

இருப்புப்பாதை 1867இற் கண்டியை அடைந்தது. அதே ஆண்டிலே ஜேம்ஸ் டெயிலர், கண்டிக்குத் தென்கிழக்கேயுள்ள லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டாண்டு கழித்துக் கோப்பியிலை நோய் தோன்றி, சில ஆண்டுகளிற் கோப்பியை அழித்தது. தேயிலை நிலைத்தது. மாத்தளைக்கு 1880இல் இரயில் ஓடியதும் அந்தப் பழைய நடைவழியின் கடைசிப் பகுதி மறைந்தது.

ஆனால் வழிகள் முற்றாய் மறைவதில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் கொழும்பும் புதுடில்லியும் செய்த உடன்படிக்கை, அவர்களை எண்ணிக்கைகளாகப் பிரித்துக்கொண்டது. அதன்பின், கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகரின் அலுவலகத்தின் முன் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் கடவுச்சீட்டுக்காகக் காத்து நின்றன. தலைமன்னாருக்குச் சென்ற இரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. பாட்டன் நடந்து வந்த திசையிலே பேரன் அழுதுகொண்டு திரும்பினான். பாட்டனுக்கு அது தாய்நாடு. பேரனோ கண்டிராத ஊர்.

ஆற்றங்கரையிற் பின்னாளில் எழுந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1821இல் அலெக்சாந்தர் மூன் பேராதனைப் பூந்தோட்டத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப்போரின் இறுதியில் மவுண்ட்பேட்டன் பிரபு அங்கிருந்தே தென்கிழக்காசியப் படைகளை நடத்தினார். 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து ஆற்றின் மேற்புறத்து ஹந்தானைச் சரிவுக்கு மாறியது. அங்கே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை மேடையேற்றி அதற்குப் புத்துயிர் ஊட்டியதைத் தமிழுலகம் மறவாது. கண்டி நகரிற் பிறந்த சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையையும், 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலையும் தந்தவர். தமிழில் முதன்முதல் எழுந்த நாவல்களுள் ஒன்று கண்டியான் ஒருவனின் கையிலிருந்து வந்தது என்பதை நகரத்தார் இன்னும் சற்று உரத்துச் சொல்லலாம்.

ஆண்டுதோறும் எசல பெரஹராவின் முடிவிலே, நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் கப்புராளைமார் கெட்டம்பேத் துறைக்குச் சென்று ஆற்றிலே இறங்குவர். நீரை வாளால் வெட்டி, சென்ற ஆண்டு எடுத்துவைத்த நீரைக் குடத்திலிருந்து ஆற்றில் ஊற்றிவிட்டு, வெட்டிய இடத்துப் புதுநீரை முகந்துகொள்வர். அது மறு ஆண்டுவரை தேவாலயத்தில் இருக்கும். நல்லூரிலும் மாவிட்டபுரத்திலும் தீர்த்தோற்சவம் கண்ட கண்களுக்கு இச்சடங்கு அந்நியமாகத் தோன்றாது. திரும்பும் வழியில் ஊர்வலம் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலே தங்கி வழிபட்டே செல்கின்றது. அரசர் போனபின்னும், மதிலாய் இருந்த பெருமை போனபின்னும், இந்த ஒரு நாளில் நகரம் ஆற்றிடம் சென்று நிற்கின்றது.

ஆறு தன் வழியையும் இழந்துவிட்டது. 1976இற் பொல்கொல்லையில் அணைக்கட்டு முடிந்தது. அங்கே மறிக்கப்படும் நீரின் ஒரு பங்கு, மலையைக் குடைந்த எட்டுக் கிலோமீற்றர் சுரங்கத்தினூடே உக்குவளைக்குச் சென்று மின்னாக்கி, பின்னர் வடக்கே கலாவாவி முதலிய பழைய குளங்களை நிரப்புகின்றது. அநுராதபுரத்தை விட்டு மலைக்கு ஒதுங்கிவந்த அரசர்களின் வழியை ஆற்றுநீர் இன்று எதிர்த்திசையில் நடக்கின்றது. பொல்கொல்லைக்குக் கீழே, லேவெல்லைப் பக்கத்தில், கோடையிற் பாறைகளுக்கிடையே மெலிந்தோடும் நீரைப் பார்க்கும் சிறுவனுக்கு, ஒரு படையை நிறுத்தி வைத்த ஆறு இதுவென்று சொன்னால் நம்புவது கடினம். டேவி காத்திருந்த வட்டப்புலுவை அங்கிருந்து தொலைவன்று.

அதற்கும் கிழக்கே, பிரித்தானிய உதவியோடு கட்டப்பட்டு 1985இல் திறக்கப்பட்ட விக்ரோறியா அணை 122 மீற்றர் உயர்ந்து நிற்கின்றது. அதன் நீர்த்தேக்கத்துக்காக இடம்பெயர்ந்தோர் ஏறத்தாழ முப்பதினாயிரம் பேர். அவர்களிற் பலர் கீழ்மாவலியின் புதுநிலங்களுக்கு அனுப்பப்பட்டனர். குளிர்ந்த தும்பறையில் மிளகும் கராம்பும் வளர்த்தவர்கள் வெயிலெரிக்கும் சமவெளியில் நெல்விதைக்கப் பழகவேண்டியதாயிற்று. நாட்டுக்கு மின்னொளி வந்தது. வயல்களும் விளைந்தன. பழைய தெல்தெனியா நகரோ நீருக்குள் மூழ்கியது. மேட்டிலே அதே பெயரில் வேறொரு நகரம் எழுந்தது.

கடுங்கோடை நிலவும் ஆண்டுகளில் நீர்மட்டம் தாழும். அப்போது பழைய தெல்தெனியாவின் சுவர்களும் தெருக்களும் சேற்றிலிருந்து வெளிப்படுகின்றன. கொத்மலை நீர்த்தேக்கத்தில் மூழ்கிய கடதொற விகாரையும் அவ்வாறே தலைகாட்டும். மேட்டு நகரத்து முதியோர் பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இறங்கிச் சென்று, வெடித்த சேற்றின்மேல் நடந்து, கடை இருந்த இடம் இது, பள்ளிக்கூடம் இருந்த இடம் இது என்று காட்டுவர். வைகாசியில் மழை இறங்கியதும் நீர் மெல்ல ஏறி மறுபடியும் அவற்றை மூடிக்கொள்கின்றது.